குடும்ப டாக்டருக்கு எட்டு மணி நேரப் பாடம்

அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு விசித்திரமான ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. முதுகுவலி என்று வந்தவருக்கும், பல் பிடுங்கிக் கொண்டவருக்கும் அபின் இனத்தைச் சேர்ந்த வலி மாத்திரையை எழுதிக் கொடுப்பதற்கு, உரிமம் பெற்ற டாக்டருக்கு மத்திய அரசின் சட்டப்படி தனியாக ஒரு மணி நேரப் பாடம்கூடத் தேவையில்லை. ஆனால் அந்த மாத்திரைக்கே அடிமையாகி, வேலையும் போய், வீட்டிலும் மதிப்பிழந்து, "டாக்டர், என்னால் இதை விட முடியவில்லை, ஏதாவது செய்யுங்கள்" என்று அதே ஆள் திரும்பி வந்தால்? அவரை மீட்கும் மருந்தை எழுத அந்த டாக்டர் எட்டு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரசாங்கத்துக்கு மனுப் போட்டுத் தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய பிறகும் ஆரம்பத்தில் முப்பது நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. முப்பத்தொன்றாவது ஆள் வந்தால், "இடமில்லை, போய் வாருங்கள்" என்று சொல்ல வேண்டியதுதான்.

வியாதி உள்ளே வரக் கதவு அகலத் திறந்திருந்தது. வைத்தியம் வருகிற கதவுக்கு மட்டும் மூன்று பூட்டு!

இந்தப் பூட்டுகள் எப்படி விழுந்தன, எப்படித் திறந்தன, திறந்த பிறகும் ஏன் பல டாக்டர்கள் வாசலிலேயே தயங்கி நிற்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அமெரிக்கக் கதைதானே, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளை பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இதில் இருக்கின்றன.

மாத்திரையில் ஆரம்பித்த வினை

1996-ம் ஆண்டு பர்டூ ஃபார்மா என்ற கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டு வந்தது. "மெதுவாகக் கரைகிற மாத்திரை, அதனால் பழக்கமாகிவிடும் பயம் குறைவு" என்று கம்பெனிப் பிரதிநிதிகள் டாக்டர்களிடம் சொன்னார்கள். டாக்டர்களும் நம்பினார்கள். புற்றுநோய் வலிக்கு மட்டும் கொடுத்து வந்ததை மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் எழுதத் தொடங்கினார்கள். தவறான விளம்பரம் செய்ததாக 2007-ல் அந்தக் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் வினை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதில் பெண்கள் பட்ட பாடு தனி. 1999-க்கும் 2010-க்கும் இடையில், டாக்டர் எழுதும் வலி மாத்திரைகளை அளவு மீறிச் சாப்பிட்டு இறந்த ஆண்களின் எண்ணிக்கை மூன்றரை மடங்குக்கு மேல் ஏறியது. பெண்களின் எண்ணிக்கையோ ஐந்து மடங்குக்கு மேல். தெருமுனையில் யாரோ விற்றதை வாங்கித் தின்று கெட்டவர்கள் அல்ல இவர்களில் பலர். டாக்டர் சீட்டை மருந்துக் கடையில் கொடுத்து, ரசீது வாங்கிக் கொண்டு, சமையலறை அலமாரியில் வைத்துச் சாப்பிட்டவர்கள்.

பிறகு அரசாங்கம் விழித்துக் கொண்டு மாத்திரைக்குக் கெடுபிடி செய்தது. அடிமையானவர்கள் என்ன செய்வார்கள்? ஹெராயினுக்குப் போனார்கள். அதன்பின் ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் வந்தது. உப்புக்கல் அளவுக்குத் தவறினாலும் உயிர் போய்விடும். 2021-ல் மட்டும் போதைப் பொருள் அளவு மீறி அந்த நாட்டில் இறந்தவர்கள் ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கும் அதிகம். அவர்களில் சுமார் எண்பதாயிரம் பேர் அபின் வகைப் பொருளால் மாண்டவர்கள்.

பூட்டி வைத்தால் தீருமா?

பிள்ளை இப்படி ஒரு பழக்கத்தில் விழுந்துவிட்டான் என்று தெரிந்ததும் பெற்றவர்களுக்கு முதலில் என்ன தோன்றும்? அறையில் போட்டுப் பூட்டு, பத்து நாள் துடிக்கட்டும், சரியாகிவிடும்!

துடிக்கத்தான் செய்வார்கள். அபின் வகை மருந்து நின்ற சில மணி நேரத்தில் மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாக வரும், உடம்பெல்லாம் புல்லரிக்கும், எலும்புக்குள் யாரோ ரம்பம் போடுவது போல வலிக்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். தூக்கமே வராது. ஒரு வாரம், பத்து நாளில் இந்த அவஸ்தை அடங்கும். பிள்ளை குளித்துச் சாப்பிட்டு மனிதனாக உட்காருவான். அம்மா கோவிலுக்குப் போய் நேர்த்திக்கடன் செலுத்துவாள்.

ஆபத்து அப்போதுதான் ஆரம்பம். மூளையில் அந்த ஏக்கம் அணையவில்லை. மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில் அது கனன்று கொண்டிருக்கும். ஆனால் உடம்புக்கு இருந்த தாங்கு சக்தி மட்டும் இந்தப் பத்து நாளில் போய்விட்டது. ஒரு நாள் சபலப்பட்டுப் பழைய அளவையே எடுத்தால், முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். சிகிச்சை விடுதியிலிருந்தும் சிறையிலிருந்தும் 'சுத்தமாகி' வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் இவர்கள் அதிகமாகச் சாகிறார்கள். மன உறுதி இல்லாதவன், அதனால் செத்தான் என்று ஊர் சொல்லும். உண்மையில் பாதி வைத்தியத்தோடு அனுப்பப்பட்டவன் அவன்.

மருந்தில்லாமல் புத்திமதி மட்டும் சொல்லிப் பார்ப்பது எப்படி முடிகிறது என்பதற்கு ஸ்வீடனில் நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்லலாம். ஹெராயினுக்கு அடிமையான நாற்பது பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் நல்ல மனநல ஆலோசனை உண்டு. இருபது பேருக்குத் தினமும் பியூப்ரநார்ஃபின் என்ற மருந்து. மற்ற இருபது பேருக்குச் சில நாட்களுக்குப் பின் மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு வருஷம் கழித்து, மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வீதம் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள். வெறும் மாத்திரைப் பிரிவில் ஒருவர்கூட இல்லை. நான்கு பேர் உயிரோடேயே இல்லை. 2003-ல் இது வெளியானபோது படித்த டாக்டர்கள் பலர் வாயடைத்துப் போனார்களாம். ஆச்சரியமில்லை.

மேரி நைஸ்வாண்டர் என்ற பெண்மணி

இந்த மருந்து வைத்திய முறைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் பெண் என்பது நம் வாசகியருக்கு மகிழ்ச்சி தரும். மேரி நைஸ்வாண்டர் ஒரு மனநல மருத்துவர். கென்டக்கி மாநிலத்தில் லெக்ஸிங்டன் என்ற ஊரில், போதைக்கு அடிமையானவர்களுக்கென்றே அரசாங்கம் ஓர் ஆஸ்பத்திரி நடத்தி வந்தது. பாதி ஆஸ்பத்திரி, பாதி ஜெயில். அங்கே வேலை பார்த்தபோது, நோயாளிகளைக் கைதிகளாக நடத்துவதைக் கண்டு மனம் நொந்தார். 1956-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே போதைக்கு அடிமையானவரை 'நோயாளி' என்று குறிப்பிட்டார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய துணிச்சல்.

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த வின்சென்ட் டோல் என்ற டாக்டர் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அவரை அழைத்தார். டோல் அதுவரை உடல் பருமனைப் பற்றி ஆராய்ந்தவர். சாப்பாட்டு ஏக்கத்தைப் போல இதுவும் உடம்பின் ரசாயனத்தில் உள்ள கோளாறாக இருக்கக்கூடாதா என்பது அவர் கேள்வி. 1964-ல் இருவரும், மேரி ஜீன் கிரீக் என்ற இளம் பெண் டாக்டரும் சேர்ந்து சிகிச்சையைத் தொடங்கினார்கள். மார்ஃபின் கொடுத்தபோது நோயாளிகள் டெலிவிஷன் முன்னால் சாய்ந்து கிடந்து அடுத்த ஊசி எப்போது என்று காத்திருந்தார்கள். மெதடோன் என்ற மருந்துக்கு மாற்றிச் சரியான அளவு பிடிபட்டதும் காட்சியே மாறியது. ஒருவர் படம் வரையச் சாமான் கேட்டார். இன்னொருவர் விட்டுப்போன பள்ளிப் படிப்பைத் தொடர வேண்டும் என்றார். 1965-ல் இருபத்திரண்டு நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அதே வருஷம் டோலும் நைஸ்வாண்டரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

மெதடோன் நல்ல மருந்துதான். ஆனால் அதைக் குடும்ப டாக்டர் எழுதித் தர முடியாது. இன்றைக்கும் இந்த வியாதிக்கு அமெரிக்காவில் அதற்கென்று உள்ள தனி மையங்களில்தான் கிடைக்கும். பல ஆண்டுகள் நோயாளிகள் தினம் காலையில் வரிசையில் நின்று, நர்ஸ் கண்ணெதிரே குடித்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் விதிகள் சமீப காலத்தில்தான் தளர்ந்திருக்கின்றன. நூறு மைல் தள்ளியிருக்கும் கிராமத்துப் பெண், கைக்குழந்தையோடு தினமும் எப்படிப் போய் வருவாள்?

பாதி திரும்பும் சாவி

பியூப்ரநார்ஃபின் இங்கேதான் கை கொடுத்தது. மூளையில் அபினுக்கென்று சில பூட்டுகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஹெராயின் அந்தப் பூட்டில் நுழைந்து முழுச் சுற்றுத் திரும்புகிற சாவி. பியூப்ரநார்ஃபினும் அதே பூட்டில் பொருந்தும், ஆனால் பாதிதான் திரும்பும். துடிப்பும் ஏக்கமும் அடங்கும், கிறக்கம் வராது. அதோடு, அது பூட்டில் இறுகப் பிடித்துக்கொண்டு விடுவதால், மேலே ஹெராயின் வந்தாலும் நுழைய இடமிருக்காது. அளவைக் கூட்டினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் மூச்சை அமுக்காது. அதனால்தான் சாதாரண டாக்டர் கையில் கொடுக்கக்கூடிய மருந்தாக அதைக் கருதினார்கள்.

விழுங்குகிற மாத்திரை இல்லை இது; நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். நலாக்ஸோன் என்ற இன்னொரு மருந்தையும் பெரும்பாலும் கூடவே சேர்த்திருப்பார்கள். நாக்கடியில் வைத்தால் நலாக்ஸோன் ஒன்றும் செய்யாது. கரைத்து ஊசி போட்டுக்கொண்டால் துடிக்க வைத்துவிடும். திருட்டுத்தனத்துக்கு முன்கூட்டியே போட்ட தாழ்ப்பாள்!

இந்த விஷயத்தை எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, இது என்ன கூத்து? சாராயத்தை நிறுத்தக் கள்ளு குடுத்த கதையால்ல இருக்கு!"

"அக்கா, நீங்க சர்க்கரைக்கு எத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஆச்சு, பதினோரு வருஷம்."

"நிறுத்திடலாமே?"

"நிறுத்தினா ஏறிடுமேம்மா... அது வேற, இது வேற. அது நானா தேடிக்கிட்ட வியாதியா?"

"ஜாங்கிரி?" என்றேன். அக்கா சிரித்துவிட்டார். ஆனாலும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை.

அக்காவின் கேள்வியைத்தான் அமெரிக்காவில் டாக்டர்களே கேட்டார்கள், இன்னும் கேட்கிறார்கள். பழக்கம் வேறு, அடிமைத்தனம் வேறு என்பதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு மாத்திரையைக் கரைத்துக்கொண்டு வேலைக்குப் போய், சாயங்காலம் பிள்ளைக்கு வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவளுடைய உடம்பு அந்த மருந்தை நம்பியிருக்கலாம். அவள் வாழ்க்கை அதற்கு அடிமையாக இல்லை. நகையைத் திருடி விற்கவில்லை, பொய் சொல்லவில்லை, பாத்ரூமில் மயங்கிக் கிடக்கவில்லை. சர்க்கரை மாத்திரையைவிட இது எந்த விதத்தில் மட்டம்?

டாக்டர்களுக்குப் பிடித்த பயம்

சரி, இவ்வளவு நல்ல மருந்து இருக்கும்போது டாக்டர்கள் ஏன் ஒதுங்கினார்கள்? நூறு வருஷத்துப் பயம் அது. 1914-ல் ஹாரிசன் சட்டம் என்று ஒன்று வந்தது. போதைக்கு அடிமையானவருக்கு அதே வகை மருந்தைத் தொடர்ந்து கொடுத்து வருவது முறையான வைத்தியமே ஆகாது என்று 1919-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி மருந்து கொடுத்த டாக்டர்கள் பலர் கைதானார்கள், சிறைக்கும் போனார்கள். அன்றிலிருந்து இந்த நோயாளிகளைக் கண்டால் கதவைச் சாத்துவது டாக்டர்களின் வழக்கமாயிற்று. மருத்துவக் கல்லூரிகளிலும் பாடமாகச் சொல்லித் தரவில்லை.

2000-ல் புதுச் சட்டம் வந்துதான் சாதாரண டாக்டரும் தம் கிளினிக்கிலேயே இந்தச் சிகிச்சையைத் தரலாம் என்றாயிற்று. 2002 அக்டோபரில் பியூப்ரநார்ஃபினுக்கு அனுமதி கிடைத்தது. எட்டு மணி நேரப் பாடமும் முப்பது பேர் கணக்கும் அந்தச் சட்டத்தில் வந்தவைதான். நோயாளி எண்ணிக்கை பிறகு நூறாக, 2016-ல் 275 ஆக உயர்ந்தது. அதே வருஷம் வந்த இன்னொரு சட்டத்தால் உயர் பயிற்சி பெற்ற நர்சுகளுக்கும் மருந்தெழுதும் வழி திறந்தது. ஆனால் அவர்கள் இருபத்துநாலு மணி நேரம் படிக்க வேண்டுமாம். நர்ஸ் என்றால் மூன்று மடங்கு பாடம்! இதற்கு என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

பிரான்ஸ் நாடு இந்தச் சுற்றுவழியில் போகவில்லை. 1996 முதலே அங்கே எந்தக் குடும்ப டாக்டரும், தனிப் பயிற்சி இல்லாமலே, பியூப்ரநார்ஃபின் எழுதலாம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு டாக்டர் எழுதவும் செய்தார். 1995-க்கும் 1999-க்கும் இடையில் அளவு மீறிச் சாகிறவர்கள் எண்ணிக்கை நூற்றுக்கு 79 வீதம் குறைந்தது. சிலர் மாத்திரையைப் பொடித்து ஊசியில் ஏற்றிக்கொண்டதும் உண்டு, கள்ளச் சந்தையில் விற்றதும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பிழைத்த உயிர்களை ஒரு தட்டில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

மருந்தைப் பற்றிப் படிப்பது கஷ்டமில்லை. முதல் மாத்திரையை எப்போது கொடுப்பது என்பதுதான் சூட்சுமம். நோயாளி உடம்பில் ஹெராயின் இருக்கும்போதே கொடுத்துவிட்டால், பாதிச் சாவி முழுச் சாவியைத் தள்ளிவிட்டு உட்காரும். ஆள் திடீரென்று துடிக்க ஆரம்பித்துவிடுவார். 'மருந்து கொடுத்தார், செத்துப் பிழைத்தேன்' என்று ஓடிப்போனவர் திரும்பி வரமாட்டார். ஆகவே துடிப்பு தானாகத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். நாடித் துடிப்பு, வியர்வை, கண்மணியின் அளவு, கொட்டாவி, புல்லரிப்பு என்று பதினொரு அறிகுறிகளுக்கு மார்க் போட்டுக் கூட்டி, போதுமான அளவு வந்த பிறகுதான் முதல் வேளை மருந்து. ஃபென்டனில் வந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிவிட்டது. அது கொழுப்பில் ஊறி உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. அதனால் துளித்துளியாக ஆரம்பித்துக் கூட்டுகிற முறையையும் சில டாக்டர்கள் கையாளுகிறார்கள்.

இதையெல்லாம் எட்டு மணி நேரத்தில் காதால் கேட்டுவிடலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில் நிஜமான நோயாளி எதிரே உட்காரும்போது கை நடுங்குமே! அனுமதி வாங்கிய டாக்டர்களிலேயே கணிசமானவர்கள் ஒரு சீட்டுக்கூட எழுதாமல் இருந்தார்கள். கேட்டால், "சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இதில் தேர்ந்த டாக்டர் இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார்" என்றார்கள்.

இதற்கு ஒரு வழி கண்டவர் நம் நாட்டுக்காரர். புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படித்த சஞ்சீவ் அரோரா, நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஈரல் நோய் நிபுணராக இருந்தார். அவரைப் பார்க்க நோயாளிகள் எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. "நோயாளிகளை என்னிடம் வரவழைப்பதைவிட, எனக்குத் தெரிந்ததை அவர்களுடைய ஊர் டாக்டருக்கே கற்றுக் கொடுத்துவிட்டால் என்ன?" என்ற யோசனையில் 2003-ல் 'எக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கினார். வாரம் ஒரு முறை கிராமத்து டாக்டர்கள் எல்லோரும் வீடியோவில் கூடுவார்கள். ஒருவர் தம் நோயாளி ஒருவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், விவரிப்பார். நிபுணர்களும் மற்ற டாக்டர்களும் கலந்து யோசனை சொல்வார்கள். அடுத்த வாரம், "நீங்கள் சொன்னபடி செய்தேன், இப்படி ஆயிற்று" என்று அவர் வந்து சொல்வார். இப்படிப் படித்த ஊர் டாக்டர்களிடம் மஞ்சள் காமாலை சி வகைக்குச் சிகிச்சை பெற்றவர்கள், பல்கலைக்கழக ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குச் சமமாகவே குணமானார்கள் என்று 2011-ல் ஆய்வு வெளிவந்தது.

2005 முதலே அந்த மாநிலத்தில் இதே முறையில் போதை அடிமைச் சிகிச்சையையும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அளவு மீறிச் சாவதில் நெடுங்காலம் நாட்டிலேயே முன்னணியில் இருந்த மாநிலம் அது. எஸ்பனோலா என்ற சிற்றூரில் குடும்ப டாக்டராக இருந்த லெஸ்லி ஹேய்ஸ் என்ற பெண்மணி, தம்மிடம் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் வருகிறவர்களோடு இவர்களையும் பார்க்கத் தொடங்கினார். கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சிகிச்சையைத் தந்தார். 2016-ல் வெள்ளை மாளிகை அவரைப் பாராட்டியது. எக்கோ முறை பின்பு நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்கும் வந்து, தூரத்து மாவட்டங்களில் உள்ள டாக்டர்கள் அங்கிருந்து பாடம் கேட்கிறார்கள்.

பாஸ்டன் நகரத்தில் வேறொரு வழி பிறந்தது. டாக்டருக்கு நேரமில்லை என்றால் நர்சைப் பழக்கு! கொலீன் லாபெல் என்ற நர்ஸ் 2003-ல் அமைத்த முறை இது. நோயாளியை முதலில் விசாரிப்பது, முதல் வாரம் தினமும் போன் போட்டுக் கேட்பது, சிறுநீர்ப் பரிசோதனை, மருந்து தீருமுன் ஞாபகப்படுத்துவது, மருந்துக் கடைக்காரரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நர்சின் பொறுப்பு. டாக்டர் சீட்டு எழுதினால் போதும். 2007-ல் இதை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சமூக நல மருத்துவ நிலையங்களுக்கு விரிவாக்கினார்கள். மூன்றே ஆண்டுகளில் அங்கே அனுமதி பெற்ற டாக்டர்கள் 24-லிருந்து 114 ஆனார்கள். வீட்டில் ஒரு விருந்து என்றால் யார் உண்மையில் வேலை செய்கிறார்கள், யார் பந்தியில் நின்று உபசரிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன!

வயிற்றில் குழந்தை இருந்தால்?

கர்ப்பிணி ஒருத்தி இந்தப் பழக்கத்தில் இருந்தால், 'உடனே நிறுத்து, குழந்தைக்கு ஆகாது' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சடாரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. அவள் மீண்டும் பழக்கத்தில் விழுவதற்கும், அதனால் தாயும் சேயும் ஆபத்துக்குள்ளாவதற்கும் வாய்ப்பு அதிகம். ஆகையால் கர்ப்ப காலத்திலும் மருந்தைத் தொடர்வதே முறை.

பிறக்கும் குழந்தைக்குச் சில நாள் நடுக்கமும் ஓயாத அழுகையும் இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. 2010-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மெதடோன் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள் சராசரி பதினேழரை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பியூப்ரநார்ஃபின் தாய்மாரின் குழந்தைகள் பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டன. தாய்ப்பால் கொடுக்கலாமா? மருந்தில் நிலையாக இருந்து, வேறு போதைப் பொருள் எடுக்காத தாய் தாராளமாகக் கொடுக்கலாம். தாயின் மார்போடு அணைத்து வைத்து, அரை வெளிச்ச அறையில் சந்தடியில்லாமல் பார்த்துக்கொண்டாலே இந்தக் குழந்தைகளில் பல மருந்தில்லாமல் தேறிவிடுகின்றன. நம் பாட்டிமார் பிரசவ அறையில் செய்தது வேறென்ன?

இத்தனை தெரிந்தும், மருந்தில் இருக்கும் தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் அந்த நாட்டுப் பெண்களை வாட்டுகிறது. அதற்குப் பயந்தே டாக்டரிடம் போகாமல் மறைக்கிறவர்கள் உண்டு. பாடத்தில் இதையும் சேர்த்திருக்கிறார்கள்: அப்படி வருகிறவளிடம் முதல் கேள்வியை எப்படிக் கேட்பது, 'குடிகாரி', 'போதைக்காரி' என்ற சொற்களை எப்படி நாக்கிலிருந்து அகற்றுவது என்று. டாக்டருக்கு மட்டுமல்ல; வாசலில் டோக்கன் கொடுக்கிற பெண்ணுக்கும் இது சொல்லித்தரப்பட வேண்டும் என்பேன். உள்ளே டாக்டர் எத்தனை கனிவாக இருந்தென்ன, வாசலில் முகம் சுளித்தால் வந்தவள் திரும்பிப் போய்விடுவாளே.

வீட்டில் இந்த மருந்து இருந்தால்

எந்த நாட்டிலானாலும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மாத்திரையைப் பூட்டி வைக்க வேண்டும். பெரியவருக்கு உயிர் கொடுக்கும் ஒரே மாத்திரை, தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் மூச்சை நிறுத்திவிடக்கூடும். நாக்கடியில் கரையும் மருந்து பற்களைச் சேதப்படுத்துகிறது என்று 2022-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. முழுதும் கரைந்த பிறகு ஒரு வாய் தண்ணீரை விட்டு மெதுவாகக் கொப்பளித்து விழுங்கிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்கலாம். மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு அமுங்கும். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பது டாக்டரும் நோயாளியும் பேசி முடிவு செய்ய வேண்டியது. "ஆறு மாசம் ஆச்சே, இன்னுமா?" என்று வீட்டார் நச்சரிப்பது கூடாது.

அளவு மீறி மயங்கியவரை எழுப்பும் நலாக்ஸோன் மருந்து, மூக்கில் அடிக்கும் வடிவத்தில் 2023 முதல் அமெரிக்காவில் சீட்டில்லாமலே கடையில் கிடைக்கிறது. பள்ளிகளிலும் நூலகங்களிலும்கூட வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் அரசு அங்கீகாரம் பெற்ற மையங்களில்தான் நடக்கிறது. பஞ்சாப் அரசு 2017 அக்டோபரிலிருந்து புறநோயாளிக் கிளினிக்குகளைத் திறந்து, ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமலே மருந்து தருகிறது. யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 14446 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் கேட்கலாம்.

பூட்டு திறந்தது, பிறகு?

2021-ல் முப்பது பேர் வரை பார்க்கும் டாக்டருக்குப் பாடம் கட்டாயமில்லை என்று தளர்த்தினார்கள். 2022 டிசம்பர் 29-ம் தேதி கையெழுத்தான சட்டத்தோடு தனி அனுமதியே ஒழிந்தது. இனி, வலி மாத்திரை எழுத முடிந்த டாக்டர் பியூப்ரநார்ஃபினும் எழுதலாம். ஊரெல்லாம் கொண்டாடினார்கள்.

ஆனால் அடுத்த ஆண்டு கணக்குப் பார்த்தபோது, மருந்து எழுதும் டாக்டர்கள் கூடியிருந்தார்கள். மருந்து பெறும் நோயாளிகள் எண்ணிக்கை அவ்வளவாக ஏறவில்லை. சட்டத்தின் பூட்டுத்தான் போயிற்று, மனப்பூட்டு போகவில்லை. சில மருந்துக் கடைகள் இந்த மருந்தை வாங்கி வைப்பதில்லை. சீட்டோடு போனவரை ஏற இறங்கப் பார்த்து, "ஸ்டாக் இல்லை" என்று சொல்கிறவர்களும் உண்டு. சில டாக்டர்களோ, "இவர்களைச் சேர்த்தால் என் மற்ற நோயாளிகள் வர மாட்டார்கள்" என்கிறார்கள். அந்த மற்ற நோயாளிகளில் எத்தனை பேர் வீட்டில் இதே துயரம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. யாரும் அவரிடம் சொன்னதில்லை, சொல்லும்படி அவர் கேட்டதுமில்லை. 2024-ல் சாவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கின்றன. அதற்குப் பல காரணங்கள். இந்தச் சிகிச்சையும் ஒன்றாக இருக்கலாம்.

எட்டு மணி நேரப் பாடம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது போகவில்லை, இடம் மாறிவிட்டது. 2023 ஜூன் 27 முதல், கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகளை எழுத உரிமம் வாங்குகிற, புதுப்பிக்கிற அத்தனை பேரும் ஒரு முறை எட்டு மணி நேரம் போதை அடிமைச் சிகிச்சை பற்றிப் படித்ததாகக் காட்ட வேண்டும். கல்லூரியிலேயே சமீபத்தில் படித்தவர்களுக்கும், இந்தத் துறையில் பட்டம் பெற்றவர்களுக்கும் அதுவே கணக்கில் சேரும். முன்பு மீட்கும் மருந்தை எழுதத் துணிந்தவர் மட்டும் படித்தார். இப்போது வலி மாத்திரை எழுதுகிற எலும்பு டாக்டரும் படிக்க வேண்டும், அறுவை சிகிச்சை நிபுணரும் படிக்க வேண்டும், கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற பல் டாக்டரும் படிக்க வேண்டும். விலக்குக் கிடைத்திருப்பது மிருக வைத்தியர்களுக்குத்தான்.